அடகுக்குப் போன முள்முடி

முள்முடியில் ஒரு முள்கூட இல்லை. பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் வரிசையில் நகர்ந்து அதன் பக்கத்தில் போய் நிற்பவர்களுக்கு முதலில் உறைப்பது இதுதான். ஓவியங்களிலும் சுரூபங்களிலும் பார்த்துப் பழகிய, நெற்றியைக் கிழித்து இரத்தம் ஒழுகவிடும் முரட்டு வளையம் அங்கே கிடையாது. படிகக் குழாய்க்குள், காய்ந்துபோன நாணல் தண்டுகளைச் சேர்த்துச் சுற்றிக் கட்டிய வளையம் ஒன்று இருக்கிறது. உள்விட்டம் 21 சென்டிமீட்டர். ஆள் தலையில் வைத்தால் கொஞ்சம் தளர்வாகவே நிற்கும்.

முட்கள் எங்கே போயின என்பதற்குப் பிறகு வருகிறேன். இந்த வளையம் எருசலேமிலிருந்து பாரிஸுக்கு வந்த வழியை முதலில் பார்த்துவிடலாம். பக்தி வழிதான், ஆனால் அதில் ஒரு பெரிய பகுதி வட்டிக்கடை வழியாகப் போகிறது.

நற்செய்தி எழுதிய நால்வரில் மத்தேயு, மாற்கு, யோவான் மூவரும் படைவீரர்கள் முள்ளால் முடி பின்னி இயேசுவின் தலையில் வைத்ததைச் சொல்கிறார்கள். லூக்கா சொல்லவில்லை. அந்த முடி அப்புறம் என்ன ஆயிற்று என்று நால்வரில் ஒருவரும் சொல்லவில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் நோலா நகர ஆயர் பவுலினுஸ் இப்படி ஒரு திருப்பண்டம் இருப்பதைக் குறிப்பிடுகிறார். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து எருசலேம் போன யாத்திரிகர் ஒருவர் சீயோன் மலைக் கோவிலில் அதைப் பார்த்ததாக எழுதுகிறார். பிறகு அது கான்ஸ்டான்டினோப்பிளில், பைசாந்தியப் பேரரசர்களின் அரண்மனைக்குள் இருந்த ஃபாரோஸ் மாதா சிற்றாலயத்தில் தென்படுகிறது. எப்போது, யார் கையால் அங்கே போனது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. முதல் ஆயிரம் ஆண்டுகளை இணைத்துப் பிடித்திருப்பது நம்பிக்கைதான். தேதி, தொகை, முத்திரை என்று இதன் கதை நம் கைக்குப் பிடிபடத் தொடங்குவது ஓர் அடகுச் சீட்டில்.

அதற்கு வழிவிட்டது 1204ஆம் ஆண்டு. எருசலேமை மீட்கப் புறப்பட்ட நான்காம் சிலுவைப்போர்ப் படை, வழியில் கடனிலும் அரசியலிலும் சிக்கி, கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டான்டினோப்பிளையே சூறையாடியது. நகரத்துக் கோவில்களின் திருப்பண்டங்கள் மூட்டை மூட்டையாக மேற்கே போயின. அரண்மனைச் சிற்றாலயத்தில் இருந்தவை மட்டும் பெருமளவுக்குத் தப்பின, ஏனென்றால் அவை புதிய பேரரசரின் பங்குக்கு வந்துவிட்டன. அந்தப் படையில் வந்த ரொபேர் த கிளாரி என்ற சிறு வீரர் அங்கே கண்டவற்றை எழுதிவைத்திருக்கிறார். கடல் நாணலால் செய்த முடியும் அதில் வருகிறது. இன்று படிகத்துக்குள் இருப்பதும் நாணல்தான் என்பதால் அந்த வரிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

சூறையாடியவர்கள் அமைத்த லத்தீன் பேரரசு பெயரில்தான் பேரரசு. ஒரு பக்கம் பல்கேரியர்கள், மறுபக்கம் நிக்கேயாவில் மீண்டெழுந்த கிரேக்கர்கள். முப்பது ஆண்டுகளில் அது தலைநகரமும் சுற்றுவட்டாரமுமாகச் சுருங்கிப்போனது. 1228இல் அரியணைக்கு வந்தபோது இரண்டாம் பால்ட்வினுக்குப் பதினொரு வயது. இருபதைத் தொடும் நேரத்தில் அவர் மேற்கு ஐரோப்பாவின் அரசவைகளில் படைக்கும் பணத்துக்கும் கையேந்திக்கொண்டிருந்தார். ஊரில் இருந்த பிரபுக்களுக்குக் கூலிப்படைக்குக் கொடுக்கக் காசில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் கடைசி நகை அடகுக்கடைக்குப் போவதுபோல முள்முடி அடகுக்குப் போனது.

வாங்கிய தொகை 13,134 ஹைபர்பைரான், அதாவது பைசாந்தியப் பொற்காசுகள். ஒரே ஆளிடம் வாங்கியதல்ல. கான்ஸ்டான்டினோப்பிளில் வெனிஸின் ஆளுநராக இருந்த அல்பெர்த்தினோ மொரோசினி 4,175 கொடுத்தார். கன்னியர் மடம் ஒன்று 4,300. வேறு இரண்டு வெனிஸ் வணிகர்கள் 2,200. மீதி 2,459 ஜெனோவாக்காரர்களுடையது. வட்டி வாங்குவதைப் பாவம் என்று திருச்சபை ஓங்கிச் சொல்லிக்கொண்டிருந்த நூற்றாண்டில், பட்டியலிலேயே பெரிய தொகை கன்னியர் மடத்திலிருந்து வந்திருக்கிறது. அவர்களுக்குப் பணமும் இருந்திருக்கிறது, பிணையைப் பார்த்துக் கொடுக்கும் விவரமும் இருந்திருக்கிறது.

கெடு வந்தது. பணம் வரவில்லை. 1238 செப்டம்பரில் நிக்கோலோ குவெரினி என்ற வெனிஸ் வணிகர் முழுக் கடனையும் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். குறித்த நாளுக்குள் மீட்காவிட்டால் முடி மூழ்கிப்போகும், குவெரினிக்கே சொந்தம் என்பது ஒப்பந்தம். மீட்டாலும் மீட்காவிட்டாலும் அது வெனிஸ் வழியாகத்தான் போகவேண்டும். இப்படி ஒரு பொருள் ஒரு நாளாவது தங்கள் ஊர் மண்ணில் இருக்கவேண்டும் என்று வெனிஸ்காரர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இதற்கிடையில் பால்ட்வின் பிரான்சில், தன் உறவினரான ஒன்பதாம் லூயி அரசரிடம் பேசிக்கொண்டிருந்தார். லூயிக்கு அப்போது இருபத்துநான்கு வயது, பால்ட்வின் அவருக்கும் இளையவர். இந்தப் பேச்சு நடந்த விதத்தைச் சான்ஸ் நகரப் பேராயர் கோத்தியே கோர்னு எழுதிவைத்திருக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இது: முற்றுகைக்குள் இருக்கும் என் பிரபுக்கள் முடியை அந்நியருக்கு விற்கவோ அடகு வைக்கவோ நேரும், அது உங்களுக்கும் பிரான்சுக்கும் வந்து சேரட்டும், அன்பளிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

‘அன்பளிப்பு’ என்றது வெறும் மரியாதைப் பேச்சல்ல. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், திருப்பண்டங்களை விலைக்கு வைப்பதைத் தடை செய்திருந்தது. லூயியோ பக்தியில் அணுவளவும் பிசகாதவர், பின்னாளில் புனிதர் பட்டம் பெற்றவர். அவரால் முள்முடியை விலைக்கு வாங்க முடியாது. ஆனால் உறவினர் அன்பளிப்பாகக் கொடுப்பதைப் பெற்றுக்கொள்ளலாம். அந்த அன்பளிப்பின் மேல் ஒரு கடன் உட்கார்ந்திருந்தால் அதைத் தீர்த்து மீட்கலாம். எல்லாம் சட்டப்படி. தேர்ந்த பத்திர எழுத்தர்கூட இதைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது.

லூயி இரண்டு துறவிகளை அனுப்பினார். சாமிநாதர் சபையைச் சேர்ந்த ழாக், ஆந்த்ரே. ழாக் முன்பு கான்ஸ்டான்டினோப்பிள் மடத்தில் இருந்தவர், முடியைப் பார்த்து அறிந்தவர். ஆளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், மாற்றுச் சரக்கைக் கொடுத்து அனுப்பிவிட முடியாது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது முடி குவெரினி கணக்கில் இருந்தது. பேசி முடித்து, பிரபுக்களின் முத்திரை வைத்த பெட்டியோடு வெனிஸ் ஆட்கள் துணையாக 1238 கிறிஸ்துமஸ் காலத்தில் கப்பல் ஏறினார்கள். குளிர்காலத்தில் மத்தியதரைக் கடலில் யாரும் விரும்பிப் பயணம் செய்வதில்லை. போதாக்குறைக்கு நிக்கேயாவின் கிரேக்கப் பேரரசர் வத்தாத்செஸ் உளவறிந்து வழிமறிக்கக் கப்பல்கள் அனுப்பினார் என்றும், அவை கண்ணில் படாமலே இவர்கள் கடந்துபோனார்கள் என்றும் கோர்னு எழுதுகிறார்.

வெனிஸில் முடி சான் மார்க்கோ கருவூலத்தில் வைக்கப்பட்டது. ஆந்த்ரே காவலுக்கு அங்கேயே தங்கிவிட்டார். ழாக் பணத்துக்காக பிரான்சுக்கு ஓடினார். வெனிஸில் இருந்த பிரெஞ்சு வணிகர்கள் மூலம் தொகை கொடுக்கப்பட்டது. வெனிஸ்காரர்களுக்கு விட மனமில்லை, ஆனால் ஒப்பந்தத்தை மீறவும் முடியவில்லை. ஒப்பந்தத்தை மீறினால் நாளைக்கு யார் அவர்களிடம் வியாபாரம் செய்வார்கள்?

1239 ஆகஸ்ட் 10 அன்று, சான்ஸ் நகருக்கு அருகே வில்நவ்-லார்ஷெவேக் என்ற சிற்றூரில் லூயியும் தாயார் பிளான்ஷும் தம்பிகளும் முடியை எதிர்கொண்டார்கள். அங்கே முதலில் நடந்தது முத்திரைச் சோதனை. வெளியே மரப்பெட்டி. அதைத் திறந்தால் வெள்ளிப் பெட்டி, அதன் மேல் கான்ஸ்டான்டினோப்பிள் பிரபுக்களின் முத்திரைகள், வெனிஸ் தலைவரின் முத்திரை. கூட வந்த கடிதங்களில் இருந்த முத்திரைகளோடு அவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் பொருந்திய பிறகுதான் உள்ளே இருந்த தங்கப் பெட்டியைத் திறந்தார்கள். அழுகை அதற்கப்புறம். இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கிறது. எருசலேம் முடிதானா என்ற கேள்விக்கு அந்த மெழுகுகளால் பதில் சொல்ல முடியாது. கான்ஸ்டான்டினோப்பிளில் அடகு வைத்த அதே பொருள்தான் வந்திருக்கிறது என்பதற்கு மட்டும் அவை சாட்சி. நடுவில் இத்தனை கடன்காரர்கள் புகுந்து, ஆளாளுக்கு முத்திரை வைத்ததால்தான் முடிக்கு இந்தச் சாட்சியாவது கிடைத்தது. பேரரசர் நல்ல வசதியோடு இருந்து, சும்மா தூக்கிக் கொடுத்திருந்தால் இதுவும் இருந்திருக்காது.

மறுநாள் சான்ஸ் நகருக்குள் அரசரும் தம்பி ரொபேரும் வெறுங்காலோடு, மேலாடை களைந்து, சாதாரண அங்கியோடு முடியைத் தோளில் சுமந்து நடந்தார்கள். பிறகு ஆற்று வழியாகப் பாரிஸ். ஆகஸ்ட் 19 அன்று நகருக்குள் வந்து, முதலில் நோத்ர தாம் பேராலயத்துக்குப் போய், அன்றே அரண்மனைச் சிற்றாலயத்தில் வைக்கப்பட்டது. நோத்ர தாமுக்கு அது திரும்பி வர இன்னும் 567 ஆண்டுகள் ஆகும்.

முடியை அடுத்து மற்றவையும் வரத் தொடங்கின. திருச்சிலுவையின் துண்டு, ஈட்டியின் முனை, காடியில் தோய்த்த கடற்பஞ்சு என்று பாடுகளோடு தொடர்புடையவை. 1247 ஜூனில் பால்ட்வின் 22 திருப்பண்டங்களைப் பட்டியலிட்டு, இவை எல்லாம் லூயிக்கே என்று பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் அவருடைய கடன் அடையவில்லை. அரண்மனைக் கூரையின் ஈயத் தகடுகளைப் பெயர்த்து விற்றார். கடைசியில் தன் ஒரே மகன் பிலிப்பையே வெனிஸ் வணிகர்களிடம் கடனுக்குப் பிணையாக அனுப்பிவைத்தார். அந்தச் சிறுவன் வெனிஸில் வளர்ந்தான். பல ஆண்டுகள் கழித்துக் காஸ்தீல் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோ பணம் கொடுத்து அவனை விடுவித்தார். குவெரினியிடமிருந்து முடியை மீட்க ஓர் ஆண்டுகூட ஆகவில்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். 1261இல் கிரேக்கர்கள் கான்ஸ்டான்டினோப்பிளைத் திரும்பப் பிடித்தபோது பால்ட்வின் கப்பலேறித் தப்பினார்.

லூயி, வந்தவற்றுக்கு ஒரு வீடு கட்டினார். சேன் ஆற்றின் நடுவே உள்ள தீவில், அரண்மனையை ஒட்டி, சான்ட் ஷாப்பல். 1248 ஏப்ரல் 26 அன்று அர்ச்சிக்கப்பட்டது. கட்டடத்துக்கு 40,000 லீவ்ர் செலவு, திருப்பண்டங்களுக்கு 1,35,000 லீவ்ர் என்று ஒரு பழைய கணக்கு சொல்கிறது. மேல்தளத்துக்கு ஏறினால் சுவர் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடி: ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்துக்கு 15 சாளரங்கள், 1,113 காட்சிகள். கல் தூண்கள் மெலிந்து விளிம்புக் கோடுகளாகத் தெரிகின்றன. வெயில் அடிக்கும் நாளில் தரையில் நீலமும் சிவப்பும் விழுகின்றன. கட்டடம் என்பதைவிடப் பெரிதாக்கிய நகைப்பேழை என்றே இதைச் சொல்கிறார்கள், அது மிகையில்லை. தெற்குச் சுவரில் மேற்கோரத்துச் சாளரம் முடி வந்த கதையையே சொல்கிறது. வெறுங்காலோடு சுமந்துவரும் அரசரும் அதில் உண்டு. அரசர் தன்னையே விவிலியக் காட்சிகளுக்குப் பக்கத்தில் வரையவைத்ததைப் பணிவு என்பதா, வேறென்ன என்பதா, பார்ப்பவர் பாடு.

இனி முட்கள். லூயியும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஒவ்வொரு முள்ளாக எடுத்து ஆயர்களுக்கும் அரச உறவினர்களுக்கும் மடங்களுக்கும் பரிசளித்தார்கள். பிரெஞ்சு அரசரின் தயவைப் பெற்றவர் என்பதற்கு முள்ளைவிடப் பெரிய பதக்கம் அந்தக் காலத்தில் இல்லை. பெரி பிரபு ஜான் தன்னிடமிருந்த ஒரு முள்ளுக்காகத் தங்கமும் மாணிக்கமும் முத்துமாக இழைத்துச் செய்வித்த பேழை இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பின்னாளில் ஃபெர்னான் த மேலி என்ற ஆய்வாளர் ஐரோப்பா முழுக்கத் தேடிக் கணக்கெடுத்தபோது, திருமுள் என்று வணங்கப்படுபவை 700க்கும் மேல் வந்தன. ஒரு தலையில் 700 முள் எப்படி என்று சிரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அசல் திருப்பண்டத்தைத் தொட்டு எடுத்த பொருளும் ஒருவகைத் திருப்பண்டமே என்பது கத்தோலிக்க மரபு. அப்படித் தொட்டு எடுத்தவை காலப்போக்கில் அசலாகிவிட்டிருக்கலாம். பொய் சொல்லவேண்டும் என்று யாரும் நினைத்திருக்க வேண்டியதில்லை, சீட்டு தொலைந்தாலே போதும்.

1870இல் ரோ த ஃப்ளெரி என்ற அறிஞர் எடுத்துக்காட்டியது வேறொன்று. வளையம் நாணல், பல ஊர்களில் இருக்கும் முட்களோ இலந்தை இனத்தைச் சேர்ந்தவை. நம் ஊர் இலந்தையின் ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம், பாலஸ்தீனத்தில் தானாக வளரும் மரம். நாணல்புரியைத் தலையில் இறுக்கி, மேலே முட்கிளைகளைக் குல்லாய்போல் செருகியிருக்கலாம் என்பது அவர் ஊகம். இலந்தை முள் காலில் ஏறிய அனுபவம் உள்ளவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. முடி முதலில் சான்-தெனி மடத்துக்குப் போனது. 1793இல் பேழைகளின் தங்கமும் வெள்ளியும் உருக்கப்பட்டன. உருக்க முடியாத நாணல் வளையம் பழம்பொருளாகத் தேசிய நூலகத்தின் நாணய, பதக்கப் பிரிவில் போய் உட்கார்ந்தது. அரசர்கள் கொடுத்த பொன்னெல்லாம் பொன் என்பதாலேயே அழிந்தது, உலைக்கு ஆகாத புல் பிழைத்தது. சான்ட் ஷாப்பல் 1803 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றக் கோப்புகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியாக இருந்தது. அலமாரி வைக்க இடைஞ்சல் என்று சாளரங்களின் அடிப்பகுதியில் இரண்டு மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடியைக் கழற்றினார்கள். எந்தக் கட்டடம் கையில் கிடைத்தாலும் அதில் கோப்பு அடுக்கத் தோன்றுவது அரசு அலுவலகங்களுக்கு உலகெங்கும் உள்ள குணம்.

நெப்போலியன் திருத்தந்தையோடு உடன்பாடு செய்துகொண்ட பிறகு, 1804இல் முடி பாரிஸ் பேராயரிடம் ஒப்படைக்கப்பட்டு, 1806 ஆகஸ்ட் 10 அன்று நோத்ர தாமில் வைக்கப்பட்டது. இப்போதைய படிகக் குழாயும் அதன் மேல் படரும் தங்க வேலைப்பாடும் 1896இல் வந்தவை, பாரிஸ் மக்களின் காணிக்கை. அதன் உண்மைத்தன்மைக்குச் சான்று கொடுக்க முடியாது என்பதைப் பேராலயமே மறைக்காமல் சொல்கிறது.

2019 ஏப்ரல் 15 மாலை கூரையில் பிடித்த தீ எல்லோருக்கும் நினைவிருக்கும். புனித வாரத்தின் திங்கள்கிழமை அது. முடி பெட்டகத்துக்குள் இருந்தது. பெட்டகத்தின் ரகசிய எண் தெரிந்தவர் வந்து சேரவேண்டியிருந்தது. தீயணைப்புப் படையின் ஆன்ம குருவும் வீரர்களும் ஊழியர்களுமாக முடியையும் மற்றவற்றையும் வெளியே கொண்டுவந்தார்கள். அன்றிரவு நகர மண்டபத்தில் தங்கிவிட்டு, பிறகு லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போனது. இடிந்து விழுந்த கோபுரத்தின் உச்சியில் ஒரு செப்புச் சேவல் இருந்தது. 1935இல் அதன் வயிற்றுக்குள் ஒரு முள்ளை வைத்திருந்தார்கள், பாரிஸை மேலிருந்து காக்கட்டும் என்று. மறுநாள் இடிபாடுகளில் சேவல் நசுங்கிய நிலையில் கிடைத்தது. 2023 டிசம்பரில் புதிய கோபுரத்தில் ஏற்றிய புதிய சேவலுக்குள்ளும் முள் போயிருக்கிறது.

2024 டிசம்பர் 13 அன்று முடி ஊர்வலமாகத் திரும்பியது. பீடத்துக்குப் பின்னே, கிழக்குக் கோடிச் சிற்றாலயத்தில், சில்வான் டியூபுவிசோன் வடிவமைத்த புதிய தேவதாரு மர அமைப்பு அதற்கான இடம். மாதத்தின் முதல் வெள்ளியிலும், தவக்கால வெள்ளிகளிலும் பொது வணக்கத்துக்கு வைக்கிறார்கள். சிவப்புச் சிலுவை பொறித்த வெள்ளை மேலங்கியோடு திருக்கல்லறைச் சபையினர் காவல் நிற்கிறார்கள். வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படிகத்தை முத்தமிட்டோ, தலைகுனிந்தோ, தொடாமல் பார்த்துவிட்டோ நகர்கிறார்கள்.

போக நினைப்பவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. சான்ட் ஷாப்பல் முதலில். இன்று அது நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் பாதுகாப்புச் சோதனை கடுமையாக இருக்கும், நுழைவுச்சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடவேண்டும். தெற்குச் சுவரின் மேற்கோரத்துச் சாளரத்தில் அரசரைத் தேடிக் கண்டுபிடிக்கக் கையடக்கத் தொலைநோக்கி உதவும். அங்கிருந்து நோத்ர தாம் பத்து நிமிட நடைக்குள். அங்கே நுழையக் கட்டணம் இல்லை.